ஙு எழுத்துக்கு ஒரு சொல்

ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ஒரு பேகல் கடைக்கும் ஒரு டிரை கிளீனருக்கும் நடுவே இருந்தது தாஜ் நிஷாவின் பல் கிளினிக். சனிக்கிழமை என்றால் மதியத்தோடு மூடிவிடுவார்கள். அந்த அக்டோபர் சனிக்கிழமையும் கடைசி நோயாளியை அனுப்பிவிட்டு, உதவியாளர் பிரீத்தி முன்னறை விளக்கை அணைக்கப் போன நேரத்தில்தான் போன் அடித்தது. எடுக்காமல் விட்டிருக்கலாம். பிரீத்திக்கு அப்படி விட்டுப் பழக்கமில்லை. கோயம்புத்தூர்ப் பெண், அடிக்கிற போனை எடுக்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

"அக்கா, பக்கத்து டவுன் ஆர்ட்ஸ் சென்டர்ல இருந்து பேசறாங்க. ஆஸ்திரேலியால இருந்து ஒரு பேண்டு வந்திருக்காம். ஈவினிங் ஷோ. பாடறவங்களுக்குப் பல்வலி உயிர் போகுதாம். எத்தனையோ கிளினிக்குக் கூப்பிட்டுட்டாங்களாம், எல்லாம் மூடியாச்சாம். என்னங்க சொல்லட்டும்?"

தாஜ் நிஷா கோட்டைக் கழற்றி ஹேங்கரில் மாட்டியிருந்தாள். வீட்டில் கணவர் மீரான் மைதீன் பிரியாணி தம் போட்டுவிட்டதாகப் படம் அனுப்பியிருந்தார். அவள் அந்தப் படத்தை ஒரு முறை பார்த்தாள். பிறகு கோட்டை மறுபடியும் எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"வரச் சொல்லு."

அவள் பேச்சே அவ்வளவுதான். கிளினிக்கில் அவளைத் தெரிந்தவர்கள் யாரைக் கேட்டாலும், நல்ல கை, பேச்சுதான் கிடையாது என்பார்கள். ஆனால் பிறவியில் அவள் அப்படி இல்லை. சொந்த ஊரான மேலப்பாளையத்தில், வாயைத் திறந்தால் மூட மாட்டாள் என்று பெயர் வாங்கியவள். சென்னையில் பல் மருத்துவம் படித்தபோது விடுதியில் அவள் அறையில்தான் கூட்டம் கூடும். கல்யாணமாகி அமெரிக்கா வந்த பிறகு, படித்த படிப்பு இங்கே செல்லாது என்று ஆகி, மறுபடி பரீட்சை, மறுபடி கல்லூரி என்று எல்லாவற்றையும் இன்னொரு தடவை ஏறி வந்தாள். அதெல்லாம் அவளைச் சோர்வடையச் செய்யவில்லை. மீரான் மைதீன் கூடவே நின்றார். ஆனால் அவள் வேலைக்குப் போன முதல் வருஷம் ஒரு நோயாளி இணையத்தில் இரண்டு வரி எழுதிவிட்டுப் போனார்: டாக்டர் திறமையானவர்தான், ஆனால் அவர் பேசும் இங்கிலீஷ் எனக்குப் புரியவில்லை.

அந்த இரண்டு வரிதான் அவள் வாயை அடைத்தது. அன்றிலிருந்து தன் நாக்கின் மேல் அவளுக்கு ஒரு கண். 'டாக்டர்' என்னும்போது அது மடிந்து மேலண்ணத்தைத் தொடுவதையும், இங்கே இருப்பவர்களுக்கு அது முன்பல்லுக்குப் பின்னாலேயே நின்றுவிடுவதையும் கவனித்தாள். ரூட் எய்ட்டீன் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் கண்ணாடியைப் பார்த்துப் பழகினாள். மகள் இஸ்ரத் பின் சீட்டிலிருந்து, "மாம், யுவர் 'டி' இஸ் டூ ஹார்டு" என்று திருத்துவாள். எவ்வளவு பழகினாலும் அவசரத்தில் நாக்கு தன் வழியிலேயே போனது. கடைசியில் அவள் கண்டுபிடித்த வழி, குறைவாகப் பேசுவது. வாயைத் திறங்க. வலிச்சா கையைத் தூக்குங்க. முடிஞ்சது. இந்த மூன்று வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒரு நாளை ஓட்டிவிடலாம்.

வெள்ளை வேன் ஒன்று வந்து நின்றது. முதலில் இறங்கியவர் தாடி வைத்த, உயரமான மனிதர். பின்னால் வந்த ஒரு பெண்ணின் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். அந்தப் பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கறுப்பு டீ-ஷர்ட், ஜீன்ஸ், கழுத்தில் சுற்றிய கம்பளித் துணி. இடது கன்னத்தை உள்ளங்கையால் தாங்கிக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே நடந்து வந்தார்.

"இவங்க நோரின். என் அக்கா. நான் டெஸ்மண்ட், கிட்டார் வாசிக்கிறேன்" என்று தம்பி இங்கிலீஷில் சொன்னார். "நேத்து ஏர்போர்ட்ல பிரெட்ஸல் கடிச்சாங்க. அதுல பழைய ஃபில்லிங் ஒடைஞ்சிடுச்சு. ராத்திரி முழுக்கத் தூங்கல. டாக்டர், இன்னிக்கு அவங்க பாடியே ஆகணும். எங்க குழுவில பாடறது அவங்க ஒருத்தர்தான்."

தாஜ் நிஷா எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாள். கீழ்க் கடைவாய்ப் பல். ஃபில்லிங்கோடு பல்லின் ஒரு மூலையும் போயிருந்தது. உள்ளே இருக்கும் நரம்பு வரை சேதம். வீக்கம் இல்லை, சீழ் இல்லை. அந்த மட்டும் நல்லது. பல்லைத் திறந்து, நரம்பை எடுத்து, மருந்து வைத்துத் தற்காலிகமாக மூடிவிட்டால் வலி நின்றுவிடும். அவள் தினம் செய்கிற வேலைதான்.

"சரி பண்ணிடலாம்" என்றாள். "ஊசி போடுவேன். வலிக்காது."

நோரின் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். வலியில் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. மெதுவாக, வலிக்காத பக்கத்து வாயால் பேசினார்.

"ஊசி போட்டா எதெல்லாம் மரத்துப்போகும்?"

"தாடை. உதடு. நாக்கும் பாதி."

"எவ்வளவு நேரம்?"

"சாயங்காலம் வரைக்கும் இருக்கலாம். ஆளுக்கு ஆள் மாறும்."

"அப்ப வேண்டாம்" என்றார் நோரின். "மாத்திரை மட்டும் குடுங்க. வலியோட பாடிக்கிறேன்."

டெஸ்மண்ட் பதறினார். அக்காவுக்கும் தம்பிக்கும் தங்கள் மொழியில் ஒரு வாக்குவாதம் நடந்தது. தாஜ் நிஷா கையுறையை மாட்டியபடி நின்றவள், கையை அப்படியே நிறுத்திவிட்டாள்.

பொருள் ஒன்றும் புரியவில்லை. ஆனால் காதில் விழுந்த ஓசைகள் அவளுக்கு நன்றாகத் தெரிந்தவை. அந்தப் பேச்சில் ண இருந்தது. ன வேறாக, ண வேறாக. ள இருந்தது. ஞ வந்தது. விளக்கு நேராக நோரினின் வாயில் விழுந்துகொண்டிருந்ததால், அந்த நாக்கின் நுனி மேலே மடிந்து, மேலண்ணத்தைத் தொட்டு, சட்டென்று கீழே வந்து அறைவதையும் பார்க்க முடிந்தது. அந்த நாக்கு எங்கே போகிறது, எதற்காகப் போகிறது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

"நீங்க பாடறது இந்த மொழியிலயா?" என்று கேட்டாள்.

"ஆமா. பிட்சஞ்சாரா. ஆஸ்திரேலியாவுக்கு நடுவில, பாலைவனத்து மொழி." நோரின் கன்னத்தைத் தாங்கிக்கொண்டே சொன்னார். "இங்கிலீஷ் பாட்டுன்னா கவலை இல்ல டாக்டர். பாதி நாக்கு மரத்தாலும் எப்படியோ சமாளிச்சிடுவேன். எங்க மொழியில நாக்கு ஒரு இடம் தள்ளிப் போனா வார்த்தையே வேற. நாங்க இவ்வளவு தூரம் வந்திருக்கோம். இந்த மொழியைக் கேக்கறவங்க முக்கால்வாசிப் பேர் வாழ்க்கையிலயே முதல் தடவையாக் கேக்கறாங்க. அதை நான் கொழகொழன்னு அவங்க காதுல போடக் கூடாது."

தாஜ் நிஷா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நோயாளிக்கு எதிரே உட்கார்ந்து அவள் கடைசியாக எப்போது நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசினாள் என்று பிரீத்திக்கு நினைவில்லை. அன்றைக்குப் பேசினாள்.

"வழக்கமாப் போடற ஊசி, தாடையோட பின்பக்கம் நரம்பு உள்ள நுழையற இடத்துல போடறது. அதுக்குப் பக்கத்துலயே நாக்கோட நரம்பும் போகுது. அதனால ரெண்டும் சேர்ந்து மரத்துடும். நான் அந்த ஊசியைப் போடலன்னு வச்சுக்குங்க. வெளிப்பக்கம், கன்னத்துப் பக்கமாக் கொஞ்சம் மருந்து. அப்புறம் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவுல மயிரிழை மாதிரி ஒரு இடம் இருக்கு, அதுல மெல்லிய ஊசியில சொட்டுச் சொட்டாப் போடலாம். அந்தப் பல் மட்டும் மரக்கும். உதடு கொஞ்சம் கனக்கும், சீக்கிரம் விட்டுடும். நாக்கு உங்களோடது, நான் தொட மாட்டேன்."

"அதையே எல்லாருக்கும் போட வேண்டியதுதானே?" என்று கேட்டார் டெஸ்மண்ட்.

"சீக்கிரம் விட்டுப்போயிடும். வேலை பாதியில இருக்கறப்ப வலிக்கலாம். நரம்பை எடுக்கற நேரத்துல வலிச்சா, நல்லாவே வலிக்கும். மறுபடி போடுவேன். இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிடறேன்." அவள் நோரினைப் பார்த்தாள். "நீங்கதான் சொல்லணும்."

நோரின் யோசிக்கவே இல்லை. கம்பளித் துணியைக் கழற்றித் தம்பியிடம் கொடுத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தார்.

அவள் ஊசியை மிக மெதுவாகப் போட்டாள். அப்படிப் போடும்போது கட்டைவிரல் நடுங்கக் கூடாது. அவசரப்பட்டால் மருந்து உள்ளே போகாமல் வெளியே வழிந்துவிடும். பிரீத்தி எச்சிலை உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்கூட விடாமல் நின்றாள். பல் மரத்தது. பல்லைத் திறந்து உள்ளே போனாள். முதல் வேர் சுத்தமானது. இரண்டாவதும் ஆனது. பின்பக்கத்து வேரில் கருவியை இறக்கியபோது நோரினின் கை மேலே போனது. உடனே எடுத்துவிட்டாள். நோரினின் கண்ணோரத்திலிருந்து நீர் காதுக்கு வழிந்துகொண்டிருந்தது.

"பெரிய ஊசியையே போட்டுடவா?" என்று கேட்டாள் தாஜ் நிஷா. மனதாரத்தான் கேட்டாள். ஒரு மனுஷியை இப்படி வலிக்க விடுவது அவளுக்குப் பழக்கமில்லை.

நோரின் தலையை ஆட்டினார். வேண்டாம்.

"அப்ப நேரா அந்த நரம்புக்குள்ளயே ஒரு சொட்டு. போடறப்ப சுருக்குன்னு இருக்கும். அதோட வலி தீர்ந்துடும். பிஸ்மில்லாஹ்."

சுருக்கென்றுதான் இருந்திருக்க வேண்டும். நோரினின் பூட்ஸ் கால்கள் இரண்டும் விறைத்து நீண்டதைப் பிரீத்தி பார்த்ததாகப் பிறகு சொன்னாள். அடுத்த நிமிஷம் அவர் உடம்பு மொத்தமும் தளர்ந்தது. கடைசி வேரும் சுத்தமாகி, மருந்து வைத்து, மேலே மூடி, அவள் விளக்கைத் தள்ளிவிட்டபோது சாயங்கால அஸர் தொழுகை நேரமாகியிருந்தது.

"முடிஞ்சது" என்றாள். பிறகு, "நாக்கு எப்படி இருக்குன்னு பாக்கணும். நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லுங்க" என்றாள். "மனம். மணம்."

நோரின் சொன்னார். "மனம். மணம்."

"பல். பள்ளம்."

"பல். பள்ளம்."

ஒன்றுகூடப் பிசகவில்லை. பிரீத்தி வாயைப் பிளந்தாள். "அக்கா, எங்க அண்ணன் பொண்ணு மான்மவுத் ஜங்ஷன்ல தமிழ்ப் பள்ளிக்கூடம் போறாள், அவளுக்கே ணாவும் ளாவும் வராதுங்க!"

"இப்ப என் முறை" என்றார் நோரின். எழுந்து உட்கார்ந்து, வலித்த பல்லைச் சுட்டிக்காட்டினார். "கடிடி. பல்லுன்னு அர்த்தம்."

"கடிடி" என்றாள் தாஜ் நிஷா. சொன்னதுமே சிரிப்பு வந்துவிட்டது. "எங்க பாஷையில கடின்னா... பல்லால கடிக்கறோமே, அது."

நோரினும் சிரித்தார், சிரித்தபோதும் வலிக்கவில்லை என்று உணர்ந்து கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "நாங்க கனடா போனோம், ஜெர்மனி போனோம். ஒவ்வொரு ஊர்லயும் ஒரு வார்த்தை சொல்லித் தருவேன். முதல் தடவையே சரியாச் சொன்ன ஆளை இப்பதான் பாக்கறேன்."

பிரீத்தியால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "அக்கா, இது குமரிக்கண்டமேதானுங்க! ஆதியில நாம எல்லாம் ஒண்ணு. இவங்க நம்ம சொந்தக்காரங்க. கேளுங்களேன்!"

தாஜ் நிஷா தயங்கிவிட்டு, பிரீத்தி சொன்னதை இங்கிலீஷில் சொன்னாள். நோரின் கேட்டுக்கொண்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை.

"எங்களைச் சொந்தம் கொண்டாடறவங்க நிறையப் பேர் இருக்காங்கம்மா" என்று பிரீத்தியைப் பார்த்துச் சொன்னார். "என் மொழி என்னோடது. உங்க மொழி உங்களோடது. நாக்கு ஒரே மாதிரி மடங்குது, அவ்வளவுதான். அதுவே எனக்கு இன்னிக்கு எவ்வளவு பெரிய உதவியாப் போச்சு, பாருங்க."

பிரீத்தி கொஞ்சம் சுருங்கிப்போனாள். நோரின் அவளைக் கிட்டே அழைத்துத் தோளோடு அணைத்துக்கொண்டார். பிறகு டெஸ்மண்ட் வேனுக்குப் போய், அன்றைய நிகழ்ச்சிக்கு வேண்டிய மட்டும் அனுமதிச் சீட்டுகளைக் கொண்டுவந்து இருவர் கையிலும் திணித்தார்.

போகும் முன் தாஜ் நிஷா ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. இது தற்காலிகம், இரண்டு வாரத்துக்குள் வேர்களை அடைத்து வேலையை முடிக்க வேண்டும். அப்போது எங்கே இருப்பீர்கள் என்று கேட்டாள். கலிபோர்னியாவில், பே ஏரியாவில் என்றார் டெஸ்மண்ட். அவள் முகம் மலர்ந்தது. அங்கே சான் ரமோனில்தான் அவளோடு படித்த வான்மதி இருக்கிறாள். விடுதியில் பக்கத்துக் கட்டில். வேர் சிகிச்சையில் கெட்டிக்காரி. அங்கேயே நின்றபடி போன் போட்டாள்.

"வான்மதி, ஒரு பேஷன்ட் அனுப்பறேன்டி. பாடறவங்க. தாடை நரம்புல போடற பெரிய ஊசி, அந்த பிளாக் போட்டுடாதே. நாக்கு மரக்கக் கூடாது. ஏன்னு அவங்க பேசறதைக் கேட்டா உனக்கே புரியும்."

வீட்டுக்கு வந்தபோது பிரியாணி ஆறியிருந்தது. மீரான் மைதீன் முணுமுணுக்கவில்லை. சூடு பண்ணி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். அவள் சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள், சொல்லிக்கொண்டே போனாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கிளினிக்கில் நடந்ததைப் பற்றி அவள் இத்தனை நேரம் பேசி அவர் கேட்டதே இல்லை.

"அப்ப ஷோவுக்குப் போறோம்" என்றார்.

"இஸ்ரத் வருவாளா?"

இஸ்ரத் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். பதினாறு வயது. பெற்றோர் கூப்பிடும் எந்த நிகழ்ச்சிக்கும் வர மறுப்பது அவள் கொள்கை. "ராக் பேண்டா? ஆக்சுவல் ராக் பேண்ட்? அண்ட் யூ ஃபிக்ஸ்டு த சிங்கர்?" என்று கேட்டவள், பதிலுக்குக் காத்திராமல் ஷூவைத் தேடப் போனாள்.

ஆர்ட்ஸ் சென்டர் பழைய கல் கட்டடம். முக்கால் அரங்கம் நிரம்பியிருந்தது. பக்கத்து இருக்கையில் இருந்த வயதான தம்பதி, புராதன இசை கேட்கப்போகும் பக்தியோடு கையைக் கட்டி அமர்ந்திருந்தார்கள். திரை விலகியதும் டிரம்ஸ் இடித்தது. அதன் மேல் டெஸ்மண்டின் கிட்டார் பாய்ந்தது. இஸ்ரத் இருக்கையின் விளிம்புக்கு வந்துவிட்டாள். சாண்ட்ஹில் ரேடியோ என்ற அந்தக் குழுவுக்கு மென்மையாகத் தொடங்கும் பழக்கம் கிடையாது.

நோரின் மைக்கைப் பிடித்தார். முதல் வரி வந்தபோது தாஜ் நிஷா தன் முழங்காலை இறுகப் பிடித்துக்கொண்டாள். நாக்கு மடிந்தது, தொட்டது, அறைந்தது. ஒவ்வொரு ணவும் ளவும் கிட்டாரின் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு தெளிவாக வந்து விழுந்தன. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லி முடித்த பிறகும் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

பாட்டு முடிந்ததும் நோரின் பேசினார். "எங்க மொழியில பாடினாலே, ஏதோ பெரிய ரகசியம் சொல்றோம்னு எல்லாரும் முகத்தை சீரியஸா வச்சுக்கறீங்க. இப்ப நீங்க கேட்டது, எங்க கசின் கார் சாவியை மணல்ல தொலைச்சுட்டு ராத்திரி முழுக்கத் தேடினதைப் பத்தின பாட்டு." அரங்கம் வெடித்துச் சிரித்தது. பக்கத்துத் தம்பதி கட்டியிருந்த கையை அவிழ்த்தார்கள்.

"அவன் இன்னும் தேடிட்டு இருக்கான்" என்றார் டெஸ்மண்ட், தன் மைக்கில்.

கால்பந்து பற்றி ஒரு பாட்டு. வெயிலில் நாய் தூங்குவது பற்றி ஒரு பாட்டு. பிறகு விளக்கு தணிந்தது. டிரம்ஸ் நிதானமாக, ஒருவர் நடந்து வருவது போல வந்தது.

"இது எங்க இடத்தைப் பத்தின பாட்டு" என்றார் நோரின். "ஙுரா விழு. ஙுரான்னா எங்க இடம், எங்க வீடு, நாங்க படுத்துத் தூங்கற மண். விழுன்னா அழகானது."

மீரான் மைதீன் மனைவியின் காதருகே குனிந்தார். "நிஷா, நம்மகிட்டயும் விழுமியம்னு ஒரு சொல் இருக்கே, சிறப்பானதுன்னு..."

"மச்சான், நீங்களும் ஆரம்பிச்சுடாதீங்க" என்று அவர் தொடையில் தட்டினாள்.

"நீங்களும் கூடப் பாடணும்" என்று நோரின் அரங்கத்தைக் கேட்டார். "ரெண்டே வார்த்தைதான். சொல்லுங்க. ஙுரா."

அரங்கம் முயன்றது. நுரா என்றார்கள். குரா என்றார்கள். உங்குரா என்று ஒருவர் தும்முவது போலச் சொன்னார். சிரிப்பு அலையாகப் போய்வந்தது. நோரின் கண்மேல் கையை வைத்து விளக்கொளியை மறைத்துக்கொண்டு இருட்டுக்குள் தேடினார்.

"இன்னிக்கு மத்தியானம் எனக்கு ஒரு பல் போயிருக்கும், இல்லன்னா இந்த ஷோ போயிருக்கும். ரெண்டும் போகல. ஏன்னா ஒரு டாக்டர் மூடின கடையைத் திறந்தாங்க. திறந்ததோட இல்ல, நான் பேசினதைக் கேட்டாங்க. கேட்டு, என் நாக்கைத் தொடாம விட்டாங்க. அவங்களுக்கு இந்த வார்த்தை வரும், எனக்குத் தெரியும். டாக்டர், எங்க இருக்கீங்க?"

தாஜ் நிஷா இருக்கையோடு இருக்கையாகச் சுருங்கினாள். மீரான் மைதீன் அவளைப் பார்க்காமல் கையை மட்டும் உயர்த்தி அவள் தலைக்கு மேலே சுட்டிக்காட்டினார். "மாம், கோ!" என்று இஸ்ரத் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். யாரோ ஒரு பெண் மைக்கைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். அரங்கம் முழுவதும் திரும்பி அவள் வாயைப் பார்த்தது.

அந்தக் கணத்தில் அவளுக்கு நினைவு வந்தது ஒன்றாம் வகுப்பு. ங, ஙா, ஙி, ஙீ, ஙு. தமிழ் படித்த எல்லாரும் ஒப்பித்த வரிசை. அந்த எழுத்துகளை வைத்து ஒரு சொல் எழுதச் சொன்னால் டீச்சருக்கே தெரியாது. ஙுவில் தொடங்கும் சொல் ஒன்றை அவள் வாழ்நாளில் கேட்டதில்லை. எதற்கென்றே தெரியாமல் படித்து, எதற்கும் பயன்படாமல் நாக்கின் அடியில் கிடந்த எழுத்து அது.

"ஙுரா" என்றாள்.

ஸ்பீக்கரில் அவள் குரல் போய்ச் சுவரில் மோதித் திரும்பியது. மேடையில் நோரின் கண்ணை மூடித் திறந்தார். டெஸ்மண்ட் கிட்டாரில் ஒரு நரம்பைச் சுண்டினார், சபாஷ் என்பது போல.

"எப்படிச் சொல்றது?" என்று முன்வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார்.

அவள் மைக்கை வாய்க்கு நெருக்கிப் பிடித்தாள். பிறகு பேசினாள். இங்கிலீஷில்தான், ஆனால் நாக்கை எங்கே வைப்பது என்று ஒரு முறைகூட யோசிக்காமல், மேலப்பாளையத்து டவும் ரவும் கணீரென்று விழப் பேசினாள். "சிங்கர்னு சொல்லுங்க. எல்லாரும் சொல்லுங்க. சிங்கர். இப்ப நடுவுல நில்லுங்க. ங்ங்ங்... நாக்கோட பின்பக்கம் மேல ஒட்டிக்கிட்டு இருக்கு பாருங்க, அதுதான். இப்ப முன்னாடி இருக்கற 'சி'யை விட்டுடுங்க. ஙு. ஙு. வாயை நல்லாத் திறங்க சார், நான் பல் டாக்டர், பயப்படாதீங்க."

அரங்கம் சிரித்தது. சிரித்துக்கொண்டே முயன்றது. பக்கத்து முதியவர் நெற்றி நரம்பு புடைக்க, "ஙு... ஙு... ஙுரா!" என்றார். அவர் மனைவி கைதட்டினாள். வரிசை வரிசையாக அது பற்றிக்கொண்டது. டிரம்ஸ் உள்ளே வந்தது. இருநூறு பேருக்கு மேல், நியூ ஜெர்சியின் நடுவில், பாலைவனத்து மொழியில் ஒரு வீட்டின் பெயரைச் சொல்லிப் பாடினார்கள். நோரின் மைக்கை விலக்கி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றார். அவர் கன்னம் பளபளத்தது. வலி இல்லை என்று தாஜ் நிஷாவுக்குத் தெரியும். வேலை பார்த்தவள் அவள்தானே.

இஸ்ரத் அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு பாடினாள். கடைசியாக அவள் அப்படிச் சாய்ந்தது சிறு குழந்தையாக இருந்தபோதுதான்.

நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தபோது, முன்பின் தெரியாதவர்கள் கார் நிறுத்துமிடத்தில் அவளைப் பார்த்து, "ஙுரா, டாக்டர்!" என்று கையாட்டிவிட்டுப் போனார்கள். மேடைக்குப் பின்னால் நோரினிடம் சொல்லிக்கொண்டு வர வேண்டும் என்று நினைத்தாள். அங்கே ஒரே கூட்டம். கைகாட்டினாள். நோரின் கூட்டத்தின் தலைகளுக்கு மேலே தன் கன்னத்தைத் தட்டிக்காட்டிக் கட்டை விரலை உயர்த்தினார். அவ்வளவுதான் முடிந்தது.

இரண்டு வாரம் போனது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து மசூதி வாசலில் மீரான் மைதீனுக்காகக் காரில் காத்திருந்தபோது, சான் ரமோனிலிருந்து வான்மதி கூப்பிட்டாள்.

"என்னடி பேஷன்டை அனுப்பி வச்சிருக்கே! நான் பாட்டுக்கு மாஸ்கைப் போட்டுட்டு வந்தா, வாயைத் திறக்க மாட்டேன்னுட்டாங்க. முதல்ல நீங்க ஙுரான்னு சொல்லுங்கன்னாங்க. இது என்ன பரீட்சைன்னு நினைச்சேன். சொன்னேன். அப்புறம்தான் திறந்தாங்க. வேலை பிரமாதமா முடிஞ்சது. நாக்கைத் தொடவே இல்ல. இந்தா, பேசணுங்கறாங்க."

நோரினின் குரல் வந்தது. பின்னணியில் டெஸ்மண்ட் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது.

"டாக்டர், நாளைக்கு ஊருக்குப் போறோம். அன்னிக்கு உங்ககிட்ட ஒழுங்காச் சொல்லிட்டு வரல. எங்க மொழியில நன்றின்னு தனியா ஒரு சொல் கிடையாது. பல்யான்னு சொல்வோம். நல்லதுன்னு அர்த்தம். நல்லாச் செஞ்சீங்கன்னா பல்யா. நல்லா இருங்கன்னாலும் பல்யா."

தாஜ் நிஷாவுக்கு எவ்வளவோ சொல்ல வேண்டியிருந்தது. என் வாயை நீங்கள் திறந்துவிட்டீர்கள் என்று சொல்ல நினைத்தாள். ஆனால் அதையெல்லாம் அந்த அம்மாள் அன்றைக்கு மேடையிலிருந்தே பார்த்துவிட்டார் என்று தோன்றியது.

"பல்யா, நோரின்" என்றாள். "போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் பண்ணுங்க. அந்தப் பக்கத்துப் பல்லால ஒரு வாரத்துக்குக் கெட்டியா எதையும் கடிச்சுடாதீங்க. பிரெட்ஸல் வேண்டவே வேண்டாம்."

மீரான் மைதீன் கதவைத் திறந்து ஏறினார். யார் போனில் என்று சைகையால் கேட்டார். அவள் போனை அவர் பக்கம் நீட்டினாள். அவர் ஒன்றும் புரியாமல் வாங்கிக் காதில் வைத்தார். நோரின் சொன்ன அந்த ஒரு சொல்லைக் கேட்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, தாடி அசைய, ரொம்ப மரியாதையாக, "பல்யா" என்றார்.